எல்லாருடைய தட்டும் வந்த பிறகு

ஜூன் 3

தம்பிக்கு,

ஏழு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் கடைசியாகப் பேசியபோது நீ என்ன சொன்னாய், நான் என்ன சொன்னேன் என்பது இருவருக்குமே மறந்திருக்காது. எழுதினால் அடித்துத் திருத்தலாம். இதற்கு முன் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று.

அம்மா இளைத்துக்கொண்டே போகிறாள். நவம்பரில் முதியோர் இல்லத்தில் சேர்த்தபோது ஐம்பத்தொரு கிலோ. நேற்று நாற்பத்திரண்டு கிலோ முன்னூறு கிராம். அங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் எடை பார்ப்பார்களாம். மார்ச்சில் நாற்பத்தாறு இருந்திருக்கிறது. 'குளிர்காலத்தில் சற்றுக் குறையும்' என்று பக்கத்தில் எழுதி மூடி வைத்துவிட்டார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குப் போவேன். அது டீ, பிஸ்கட் நேரம். அம்மா பிஸ்கட்டை உடைத்துப் பெரிய துண்டை எனக்குத் தருவாள். நான் தின்று முடித்ததும் தன்னுடையதைத் தின்பாள். நன்றாகத்தான் சாப்பிடுகிறாள் என்று அதை வைத்து முடிவு செய்துவிட்டேன். கைக்கடிகாரம் முழங்கைவரை ஏறி இறங்குவதைப் பார்த்தபோதுகூட, வார் தளர்ந்துவிட்டது என்றே நினைத்தேன். புது வார் வாங்கிப் போட்டேன்.

இரத்தம் பார்த்தார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. வாய் உலர வைக்கிற ஒரு மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள். பல் செட் தளர்ந்துவிட்டதால் வேறு அளவு எடுத்திருக்கிறார்கள். சத்துமாவு கரைத்த பால் தினமும் இரண்டு வேளை. எதுவும் உள்ளே போவதில்லை. மறதி முற்றும்போது பசியும் மறந்துவிடும் என்கிறார் பொறுப்பு நர்ஸ். மூக்கு வழியாகக் குழாய் விடலாம் என்று டாக்டர் சொல்கிறார். வைத்தால் தேறிவிடுவாரா என்று கேட்டேன். "உறுதியா சொல்ல முடியாதுங்க. சிலர் பிடுங்கிப் போட்டுடறாங்க. அப்புறம் கையைக் கட்ட வேண்டியிருக்கும்" என்றார். மழுப்பாமல் பேசுகிற மனிதர் என்று பட்டது.

இல்லத்தின் பதிவேட்டில் பொறுப்பாளர் என்று நம் இருவர் பெயரும் இருப்பதால் இரண்டு கையெழுத்து வேண்டும். மாதக் கடைசிக்குள் சொல்லச் சொல்கிறார்கள். படிவம் உள்ளே இருக்கிறது. நீ போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறி வைத்திருக்கிறேன். எடை விவரமும் வைத்திருக்கிறேன்.

உன் முதுகு எப்படி இருக்கிறது? ஆப்பரேஷன் செய்தது மற்றவர் சொல்லித்தான் தெரியும்.

அக்கா


ஜூன் 10

அக்காவுக்கு,

கவர் கனமாக இருந்தது. பிரித்தால் அட்டவணை, அதற்குக் கீழே ஒரு வரைபடம். உன் காலேஜ் பசங்களுக்குப் பாடம் நடத்த வைத்திருந்ததை எனக்கு அனுப்பிவிட்டாயோ என்று நினைத்தேன். கோடு கீழே இறங்குவதைக் காட்டியிருக்கிறாய். புரிந்தது. இறங்குகிறது. பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கும் அது புரியும்.

கையெழுத்துப் போட மாட்டேன். அம்மா கையைக் கட்டுவார்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அதற்கு மேல் இரண்டு நாள் படிக்க முடியவில்லை. ஆலை கேன்டீனில் முப்பத்தொரு வருஷம் கரண்டி பிடித்த கை. ஒரு ஷிப்ட்டுக்கு இருநூறு தட்டு போட்ட கை. அதைக் கட்டிலோடு கட்டுவதற்கு என் கையெழுத்து எதற்கு? ஏழு மாதம் முன்னால் எல்லாவற்றையும் நீயே முடிவு செய்தாயே, இதையும் செய்துகொள்.

எங்கள் வீட்டில் இருந்தவரை அவள் சாப்பிட்டாள். உனக்கு அதைச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. பசி மறந்துபோச்சாம். யார் சொன்னது? அவர்கள் போடுவதை நீ ஒருநாள் தின்று பார்த்தாயா? ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு டீ குடிக்கப் போனேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒரு நாளாவது போய் உட்கார்ந்தாயா?

எனக்கு முதுகில் நாலு ஆணி. படுத்தால் எழ ஒருவர் வேண்டும். ஆகஸ்ட் வரை வண்டி, பஸ், ரயில் எதிலும் ஏறக்கூடாது. ஃப்ரிட்ஜ் தூக்கியவனுக்கு இப்போது தண்ணீர்ச் சொம்பு தூக்கத் தடை. இல்லையென்றால் இந்தக் கடிதத்துக்குப் பதில் நானே வந்திருப்பேன். வந்து சண்டையும் போட்டிருப்பேன்.

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன்.

தம்பி


ஜூன் 17

தம்பிக்கு,

படிவம் வந்தது. நானும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நீ கேட்ட கேள்வி நியாயமானது என்பதால் போனேன். கல்லூரி விடுமுறைதான். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள், பதினொன்றரைக்குப் போய் ஒன்றரை வரை அம்மாவின் அறையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே போடுவதைத் தின்றும் பார்த்தேன். உப்புக் குறைவு, மற்றபடி குறை சொல்ல முடியாது. சோறு, பருப்பு, மசித்த காய், ஒரு வாழைப்பழம்.

அறை தாழ்வாரத்தில் முதலாவது. பன்னிரண்டு ஐந்துக்குத் தட்டு வருகிறது, பன்னிரண்டு நாற்பதுக்குப் போகிறது. ஐந்து நாளும் இதேதான். முதல் நாள் மூடியைக்கூட யாரும் திறக்கவில்லை. அம்மா அதைப் பெட்டி போல நகர்த்தி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு எடுக்க வந்த பெண் தாழ்வாரத்திலேயே நின்று குறிப்பேட்டில் 'பாதி' என்று எழுதினாள். முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். பாதி, பாதி, முக்கால், பாதி. ஒரு மனுஷியின் பசி அவ்வளவு ஒழுங்காக இருக்காது. நான் புள்ளிவிவரம் சொல்லித்தருகிறவள், இட்டுக்கட்டிய எண்ணைப் பார்த்தால் தெரியும். ஆனால் ஏழு மாதம் அந்தக் குறிப்பேட்டை நான் கேட்டு வாங்கிப் பார்த்ததே இல்லை.

அந்தப் பெண்ணிடம் கேட்டேன். கோபப்படவில்லை, கேட்டேன். அவள்தான் கோபப்பட்டாள்.

"பதினாலு பேருக்கு நான் ஒருத்தி மேடம். அதுல ஆறு பேருக்கு ஊட்டணும். ஊட்டும்போது அவசரப்பட்டா புரையேறும். உங்கம்மா கையால சாப்பிடறவங்க, அதனால இங்க நிக்க முடியறதில்ல. சாப்பிடறீங்களான்னா, அப்புறம் சாப்பிடறேன்றாங்க. அப்புறம்னா எப்போ? ஒரு மணிக்குள்ள தட்டெல்லாம் கழுவப் போயிடணும். பூஜ்யம்னு எழுதினா அதுக்குத் தனியா ஒரு பேப்பர் எழுதணும். யாரு எழுதறது?"

குறிப்பேட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் வீட்டிலிருந்து சமைத்து எடுத்துப் போனேன். மூடியைத் திறந்ததும் குனிந்து மோந்து பார்த்தாள்.

"எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

"சாப்பிட்டாச்சும்மா."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். சின்ன வயதில் பரீட்சைத் தாளைக் காட்டாமல் மறைத்தபோது பார்த்த பார்வை. பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தாள், கட்டிலடியில்கூட. "தட்டு எங்க?" என்றாள். இதோ உன் தட்டு என்று முன்னால் தள்ளினேன். "நீ சாப்பிட்டியா?" என்றாள். எனக்கு அவசரமில்லை, அப்புறம் சாப்பிடறேன் என்றேன். "சரி, நானும் அப்புறம்" என்று மூடியை மூடிவிட்டாள்.

ஐந்து நாளும் ஏறக்குறைய இதே பேச்சு. மறதியில் ஒரே வாக்கியம் சுற்றிச் சுற்றி வருமாம். நர்ஸ் சொன்னார், படித்தும் பார்த்தேன்.

மாதம் முடிய இரண்டு வாரம் இருக்கிறது. மறுப்பது என்றால் மறுப்பதற்கும் ஒரு காரணம் வேண்டும். கோபம் காரணமாகாது. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அக்கா


ஜூன் 23

அக்காவுக்கு,

உன் கடிதத்தை வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். 'தட்டு எங்க' என்ற இடம் வந்ததும் கத்தியை வைத்துவிட்டாள்.

"உங்கக்கா எவ்வளவு படிச்சிருக்காங்க?" என்றாள்.

"நிறைய. ஏன்?"

"அத்தை தன்னோட தட்டைக் கேக்கல. மத்தவங்க சாப்பிட்ட தட்டைக் கேக்கறாங்க. சாப்பிட்டாச்சுன்னு வாயால சொன்னா அவங்க என்னைக்கு நம்பினாங்க? தட்டைக் காட்டணும்."

நாலு வருஷம் என் கண்முன்னால் நடந்தது இது. கழுவுகிற தொட்டிப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். நாங்கள் ஒவ்வொருவராகத் தட்டை அவளிடம் கொடுப்போம். வாங்கிப் பார்ப்பாள். "பருப்பு வேகலையா?", "ஏன், வயிறு சரியில்லையா?", "இன்னைக்கு ஸ்கூல்ல வாங்கித் தின்னுட்டு வந்திருக்கா இவ." கடைசித் தட்டு வந்த பிறகு எழுந்து தனக்குப் போட்டுக்கொண்டு, தொட்டியில் சாய்ந்து நின்று ஐந்து நிமிஷத்தில் தின்று முடிப்பாள். சின்னவளுக்கு மட்டும் அது பிடிக்காது. "பாட்டி, நீ என்ன போலீஸா?" என்பாள்.

ஆலையிலும் அதேதானே? உனக்கு ஞாபகம் இல்லையா? பள்ளிக்கூடம் விட்டு வந்து கேன்டீன் பின்பக்கப் படியில் உட்கார்ந்திருப்போம். மூணு மணிக்கு மேலேதான் அவள் வாயில் ஏதாவது போகும். இருநூறு தட்டும் திரும்பி வரவேண்டும். எத்தனை தட்டில் என்ன மிச்சம் என்று பார்த்துத்தான் மறுநாள் என்ன குறைப்பது, என்ன கூட்டுவது என்று முடிவு செய்வாள். அதைப் பார்க்காமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

இப்போது நீ சொல்: அந்த இல்லத்தில் சாப்பாட்டுக் கூடம் இல்லையா? பதினாலு பேரும் அவரவர் அறையில்தான் தின்கிறார்களா? இல்லை அம்மா மட்டும்தானா? அம்மா மட்டும் என்றால், அவளை அறையில் தனியாக உட்கார வைக்கச் சொன்ன மகாராசன் யார்? அவன் விலாசத்தைக் கொடு, நான் எழுதிக்கொள்கிறேன்.

தம்பி


ஜூலை 1

தம்பிக்கு,

விலாசம் உனக்குத் தெரிந்ததுதான்.

உன் கடிதம் கிடைத்த அன்றே போய்ப் பொறுப்பு நர்ஸிடம் கேட்டேன். கூடம் இருக்கிறது. நடக்க முடிந்தவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். அம்மாவை ஏன் அழைத்துப் போவதில்லை என்றேன். அவர் கோப்பை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து, என் பக்கம் திருப்பி வைத்தார். சேர்க்கும்போது குடும்பத்தார் நிரப்பும் படிவம். 'உணவுப் பழக்கம்' என்ற இடத்தில் எழுதியிருந்தது இது:

"தனியாகச் சாப்பிடுவதே பழக்கம். கூட்டத்தில் சாப்பிட விரும்பமாட்டார். அருகில் இருந்து வற்புறுத்த வேண்டாம்."

என் கையெழுத்து. நான் அழகாக எழுதுவேன், உனக்குத் தெரியும். ஒரு எழுத்துகூடச் சிதையவில்லை.

அதை எழுதியபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. அம்மா யாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கேன்டீனிலும் வீட்டிலும் தனியாகத்தான், நின்றுகொண்டுதான். அவளுக்கு அந்த ஐந்து நிமிடமாவது தனிமை கிடைக்கட்டும் என்று நினைத்தேன். இல்லத்தில் யாரும் அவளைத் தொந்தரவு செய்துவிடக் கூடாது என்று யோசித்து, கவனமாக எழுதினேன். நாம் இருவரும் ஒரே படியில்தான் உட்கார்ந்திருந்தோம். நீ அவள் தட்டுகளைப் பார்ப்பதைப் பார்த்திருக்கிறாய். நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அவள் தனியாகத் தின்பதை மட்டும் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் நான் எழுதியதற்குக் கீழ்ப்படிந்தார்கள், அவ்வளவுதான். "குடும்பம் சொல்றதைத்தானே நாங்க நம்பணும்" என்றார் நர்ஸ். குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் சொன்னார்.

அன்றே கூடத்துக்கு அழைத்துப் போனோம். முதல் நாள் சரிவரவில்லை. மற்றவர்களுக்கு முன்னால் அவளுக்குப் பரிமாறிவிட்டார்கள். தட்டைப் பக்கத்து இருக்கை அம்மாளிடம் தள்ளிவிட்டாள். இரண்டாம் நாள், மிச்சத்தைக் கொட்டித் தட்டு அடுக்கும் வண்டி இருக்கிறதே, அதன் பக்கத்தில் நாற்காலியைப் போடச் சொன்னேன். அவளுக்குக் கடைசியில் பரிமாறச் சொன்னேன். பரிமாறும் பெண் முணுமுணுத்தாள். "இவங்களுக்குன்னு ஒரு ஆளு ஒரு மணிக்கு மேல நிக்கணுமா?" நான் நிற்கிறேன் என்றேன்.

தட்டுகள் வரத் தொடங்கின. அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எத்தனை நாளாயிற்று அவள் நிமிர்ந்து நான் பார்த்து. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஆறோ ஏழோ தட்டு பார்த்த பிறகு அந்தப் பெண்ணிடம், "எல்லாத்துலயும் காய் மிச்சம். நாளைக்குக் காயைக் குறை" என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், நான் எங்கோ பார்த்தேன். "சரிங்கம்மா" என்று அவளே சொன்னாள்.

கடைசித் தட்டு வந்ததும் அம்மா மேசையைப் பிடித்து எழப் பார்த்தாள். கால் நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே ஒன்பது வாய் சாப்பிட்டாள். எண்ணினேன். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது.

நேற்றுத் தட்டில் பாதி. குறிப்பேட்டில் நானே எழுதினேன்.

டாக்டரிடம் குழாய் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எடை நாற்பத்தொன்று அறுநூறு. இனி வாரா வாரம் பார்ப்பார்கள்.

உன் மனைவியிடம் சொல். என்ன சொல்வது என்று தெரியவில்லை, நீயே ஏதாவது சொல்.

அக்கா


ஜூலை 8

அக்காவுக்கு,

'நாளைக்குக் காயைக் குறை' என்பதை வீட்டுக்காரி மூன்று முறை படிக்கச் சொன்னாள். சின்னவள் அதை வைத்து ஒரு வாரமாக எங்களை மிரட்டிக்கொண்டிருக்கிறாள். முதுகு வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்றால் கேட்பதில்லை.

படிவத்தில் எழுதியதைப் பற்றி நீ உன்னையே அறுத்துக்கொண்டிருப்பாய். உன்னைத் தெரியும். அதனால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உன்னை ஆறுதல்படுத்துவதற்கு இல்லை. என்னால் இனி மறைக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் சாப்பிட்டாள் என்று எழுதினேன். மூன்றரை வருஷம் சாப்பிட்டாள். கடைசி ஆறு மாதம் இல்லை. எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது அப்போதுதான். படுக்கையிலேயே தின்றேன், தட்டு கட்டிலடியில் கிடக்கும். இவளுக்கு மாலை ஷிப்ட், வேலை செய்கிற இடத்தில் தின்றுவிட்டு வருவாள். பெரியவள் டியூஷன், சின்னவள் டி.வி. முன்னால். ஆளுக்கொரு நேரம். அம்மா தொட்டிப் பக்கம் உட்கார்ந்திருப்பாள், தட்டு வராது. யார் தின்றார்கள், யார் தின்னவில்லை என்று அவளுக்குத் தெரியாது. சோறு ஆறிவிடும் என்று திரும்பத் திரும்பச் சூடு பண்ணுவாள்.

அடுப்பில் வைத்ததை மறந்து ஒருநாள் அடுப்படி தீப்பிடித்தது அதனால்தான். நீ போனில் 'அம்மாவைப் பாத்துக்கிட்ட லட்சணம் அடுப்படி எரிஞ்சதுலயே தெரியுதே' என்றாயே, அது. எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

உன்னிடம் வரும்போது அவள் ஐம்பத்தொன்று. அதற்கு ஒரு வருஷம் முன்னால் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஐம்பத்தெட்டு. அந்தச் சீட்டு என் அலமாரியில்தான் இருக்கிறது. உன் கோட்டை இந்தப் பக்கம் நீட்டி வரைந்துகொள்.

தம்பி


ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு மூன்று வாரமாகப் பதில் எழுதவில்லை. கோபம் இல்லை. கோட்டை நீட்டி வரைந்தேன். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டேன்.

எடை இப்படி: நாற்பத்தொன்று அறுநூறு, நாற்பத்தொன்று ஐந்நூறு, நாற்பத்தொன்று அறுநூறு, நாற்பத்தொன்று தொள்ளாயிரம். கடைசி எண்ணை நம்பாமல் இரண்டு முறை பார்க்கச் சொன்னேன். முன்னூறு கிராம். பரிமாறும் பெண் இப்போது சாப்பிட்ட தட்டுகளை அம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் வண்டியில் அடுக்குகிறாள். "உங்கம்மா பார்த்துட்டு சும்மா விடறதில்ல மேடம். உப்பு பத்தலைன்னு சமையல்காரரைக் கூப்பிட்டு விட்டுட்டாங்க" என்றாள். சமையல்காரர் வந்து நின்றாராம்.

இதையெல்லாம் எழுதிச் சந்தோஷப்படுத்தலாம் என்றுதான் உட்கார்ந்தேன். போன வெள்ளிக்கிழமை எழுதியிருந்தால் இதோடு முடித்திருப்பேன்.

சனிக்கிழமை காய்ச்சல். நெஞ்சில் சளி. இளைத்த உடம்பில் விழுங்கும் தசையும் இளைத்துவிடுமாம், உணவு போக வேண்டிய வழியில் போகாமல் கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குப் போயிருக்கலாம் என்கிறார் டாக்டர். மருந்து கொடுக்கிறார்கள். "ஒன்பது கிலோவுக்கு மேல போயிருக்கு. எதிர்த்து நிக்க உடம்புல ஒண்ணும் இல்லைங்க" என்றார். ஜூனில் குழாய் வைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காதா என்று கேட்டேன். அப்பவும் ஆகியிருக்கலாம் என்றார். ஆகாமலும் இருந்திருக்கலாமா என்றேன். இருந்திருக்கலாம் என்றார்.

வாயில் எதுவும் தரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டால் கண்ணைத் திறக்கிறாள்.

உன் டாக்டரைக் கேள். விடுவார் என்றால் படுத்துக்கொண்டே வரும்படி ரயிலில் இடம் பார். விடாவிட்டாலும் பார்.

அக்கா


ஆகஸ்ட் 26

அக்காவுக்கு,

வந்து சேர்ந்தேன். முதுகு பரவாயில்லை. ஆணி நாலும் அங்கேயே இருப்பதாக டாக்டர் சொன்னார், திட்டிவிட்டு.

அம்மாவின் காரியம் எல்லாம் முடிந்து உன் வீட்டில் நான்கு நாள் இருந்தேன். பேசியது கொஞ்சம். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் அறைக்குள் போனபோது அம்மாவுக்கு நான் யாரென்று தெரியவில்லை. நீ வெளியே நர்ஸோடு பேசிக்கொண்டிருந்தாய். அவள் கண்ணைத் திறந்து, "சாப்பிட்டியா?" என்றாள். சாப்பிட்டேம்மா என்றேன். பொய். பன்னிரண்டு மணிநேர ரயிலில் தண்ணீர்தான் குடித்திருந்தேன். அவள் என் கையைப் பார்த்தாள். இரண்டு கையையும். எதைத் தேடினாள் என்று எனக்குத் தெரியும். மேசைமேல் உன் டிபன் டப்பா இருந்தது. அதை எடுத்துக் காட்டியிருக்கலாம், காலியான டப்பாதான். எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

இன்னொன்று. அந்த நான்கு நாளும் நீ எப்போது சாப்பிட்டாய்? எனக்குத் தட்டு வைத்தாய், எதிரில் உட்கார்ந்தாய், நான் எழுந்ததும் தட்டை வாங்கிக்கொண்டு போனாய். மூன்றாம் நாள் தண்ணீருக்காகச் சமையலறைக்கு வந்தேன். நீ தொட்டியில் சாய்ந்து நின்று, சட்டியிலிருந்தே தின்றுகொண்டிருந்தாய். என்னைப் பார்க்கவில்லை. நான் திரும்பிப் போய்விட்டேன்.

'ஒருத்திக்குச் சமைக்கறவளுக்கு என்ன தெரியும்' என்று அன்று போனில் சொன்னேன். எழுதியிருந்தால் அடித்துத் திருத்தியிருப்பேன். சொல்லிவிட்டேன். அதை நீ எப்படி எடுத்துக்கொள்வாயோ அப்படியே எடுத்துக்கொள், நான் வாதாட மாட்டேன்.

தம்பி


செப்டம்பர் 3

தம்பிக்கு,

அம்மாவின் பொருட்களை வாங்க நேற்று இல்லத்துக்குப் போனேன். ஒரு பை, கடிகாரம், மூன்று துண்டு, புதிதாகச் செய்த பல் செட். அதை என்ன செய்வது என்று தெரியாமல் அதையும் வாங்கி வந்தேன்.

பொறுப்பு நர்ஸ் உட்காரச் சொன்னார். சேர்க்கும் படிவத்தில் அந்தக் கேள்வியை மாற்றப் போகிறார்களாம், எப்படிக் கேட்டால் சரியாக இருக்கும் என்று என்னைக் கேட்டார். நான் படித்தவள் என்பதால் கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியவில்லை என்றேன். எப்படிக் கேட்டிருந்தாலும் நான் அதைத்தான் எழுதியிருப்பேன். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வந்து பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள், எழுதுவது பிறகு இருக்கட்டும் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். செய்வார்களா என்பது சந்தேகம்தான். ஆனால் எடையை மாதம் ஒருமுறை பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். தேதியோடு சுவரில் ஒட்டியிருந்தது.

வெளியே வரும்போது மணி பன்னிரண்டரை. கூடத்தில் அம்மாவின் நாற்காலி வண்டிப் பக்கத்திலேயே இருந்தது. யாரும் உட்காரவில்லை. பரிமாறும் பெண் என்னைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். கையில் ஒரு தட்டு. அதை அடுக்குவதற்கு முன்னால் ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குறிப்பேட்டை எடுத்து எழுதினாள். என்ன எழுதினாள் என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

குழாயைப் பற்றி டாக்டர் சொன்னதை நான் மறுபடி மறுபடி யோசிக்கிறேன். நீ மறுத்தாய், நான் தள்ளிப்போட்டேன். அது சரியா தவறா என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை, இனி வரப்போவதும் இல்லை. அவளுக்குக் கடைசியில் நான்கு வாரம் கிடைத்தது. அந்த நான்கு வாரத்தில் ஒரு கேன்டீனை நடத்தினாள். அவ்வளவுதான் எனக்கு உறுதியாகத் தெரியும்.

நீ கிளம்பிய அன்று உன் தட்டில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. நான் பார்த்தேன். அம்மாவாக இருந்தால் கேட்டிருப்பாள். எனக்குக் கேட்க வரவில்லை. அதைக் கொட்டிக் கழுவி வைத்துவிட்டேன். ரயிலிலும் நீ ஒன்றும் தின்றிருக்க மாட்டாய் என்று பிறகுதான் தோன்றியது.

போனில் நீ சொன்னதை நான் எடுத்துக்கொண்ட விதத்தைக் கேட்கிறாய். உண்மையைச் சொன்னாய் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அதனால்தான் ஏழு மாதம் எழுதவில்லை.

இன்று ஒரு தட்டை எடுத்து மேசையில் வைத்து, உட்கார்ந்து சாப்பிட்டேன். எதிரில் யாரும் இல்லாததால் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். கால் மணிநேரம் ஆயிற்று. காய் கொஞ்சம் மிச்சம் வைத்தேன், மற்றதெல்லாம் முடித்தேன். தட்டை இன்னும் கழுவவில்லை. கையில் வைத்துக்கொண்டு யாரிடம் காட்டுவது என்று நின்றேன். பிறகு இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் சாப்பிட்டுவிட்டேன். நீ?

அக்கா